புல்ட்ரூஷன் அச்சு: ஒரு மீட்டர் இரும்புக்குள் என்ன நடக்கிறது?

மின்கம்ப வேலை செய்பவர்கள் கொண்டுவரும் மஞ்சள் நிற எஃப்.ஆர்.பி. (இழையால் வலுவூட்டிய பிளாஸ்டிக்) ஏணியைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை ஒன்று கைக்கு எட்டினால் அதன் நெடுஞ்சட்டத்தைக் குறுக்குவாட்டில் விரலால் தடவிப் பாருங்கள். எங்கோ ஓரிடத்தில், பெரும்பாலும் மூலையை ஒட்டி, மயிரிழை அளவுக்கு ஒரு வரப்பு தட்டுப்படும். ஏணியின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை கோணாமல் ஓடும் அந்த வரப்பு, சட்டத்தை வடித்த அச்சின் இரண்டு துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்த இடம். தடவினாலும் தெரியாத அளவுக்கு மெல்லியதாக இருந்தால் அச்சு நல்ல நிலையில் இருந்திருக்கிறது. நகத்தில் மாட்டும் அளவுக்குத் தடித்திருந்தால் அச்சின் விளிம்பு தேய்ந்திருக்கிறது, அல்லது அதைப் பூட்டியவர் போல்ட்டுகளைச் சரியாக முடுக்கவில்லை.

இப்படிப்பட்ட கண்ணாடி இழைச் சட்டங்களை அச்சு வழியாக இழுத்துச் செய்யும் முறைதான் புல்ட்ரூஷன். அவற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் இழையையும் அதைப் பிணைக்கும் ரெசினையும் பற்றித்தான் கேட்கிறார்கள். யாருடைய ரோவிங் (கண்ணாடி இழைக் கற்றை), ரெசின் பாலியெஸ்டரா வினைல் எஸ்டரா, எத்தனை சதவீதம் கண்ணாடி. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் சட்டம் வளைந்து வருகிறது, மேற்பரப்பில் இழை துருத்துகிறது, நடுவில் விரிசல் விடுகிறது என்று வரும் புகார்களில் பெரும்பகுதிக்கு வேர் அச்சில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். வாங்குபவர்களும் புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களும் அச்சைப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர். 'புல்' என்றால் இழு. 'எக்ஸ்ட்ரூஷன்' என்றால் பிதுக்கு. இரண்டையும் ஒட்டி வந்த சொல் புல்ட்ரூஷன். முறுக்கு அச்சில் மாவைப் போட்டு மேலிருந்து அழுத்துகிறோமே, அது எக்ஸ்ட்ரூஷன். அலுமினிய ஜன்னல் சட்டங்கள் அப்படித்தான் பிறக்கின்றன. தட்டார் பட்டறையில் துளைத்தகட்டின் மறுபக்கம் குறடு போட்டுத் தங்கக் கம்பியை இழுப்பது வேறு வகை. புல்ட்ரூஷன் இந்தத் தங்கக் கம்பிக்குத்தான் நெருங்கிய உறவு: பின்னாலிருந்து தள்ளுவது எதுவும் இல்லை, முன்னாலிருந்து இழுக்கிறார்கள். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. துளைத்தகட்டுக்குள் போகும்போதும் அது தங்கம், வெளியே வரும்போதும் தங்கம். புல்ட்ரூஷன் அச்சுக்குள் போவது ரெசினில் ஊறிய ஈரநூல். வெளியே வருவது சுத்தியால் தட்டினால் ஒலிக்கும் கட்டி. திரவம் கல்லாகும் அந்த மாற்றம் முழுவதும் அச்சுக்குள்ளேயே, ஓடிக்கொண்டே நடந்து முடிய வேண்டும். அச்சு வடிவம் கொடுக்கும் கருவியாகவும் அடுப்பாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

இந்த முறைக்கு வித்திட்டவர்களில் முதலில் சொல்லப்படும் பெயர் அமெரிக்கரான டபிள்யூ. பிராண்ட் கோல்ட்ஸ்வர்த்தி. 1950-களில் அவர் உருவாக்கிய எந்திரத்துக்கு 1959-இல் காப்புரிமை கிடைத்தது. தொடக்க காலத்தில் தூண்டில் கழி போன்ற திண்மக் கம்பிகள்தான் செய்தார்கள். சில எந்திரங்களில் கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, வேகவைத்து, மறுபடி இழுப்பார்கள். நிற்காமல் இழுத்துக்கொண்டே இருக்கலாம் என்ற நிலைக்கு வந்த பிறகுதான் அச்சு இன்றைய உருவத்தை அடைந்தது.

இன்றைய வரிசையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பின்புறம் அலமாரியில் ரோவிங் உருண்டைகள். அவற்றிலிருந்து வரும் நூல்கள் துளைப்பலகைகள் வழியாக ரெசின் தொட்டியில் முங்கி, கண்ணாடி இழைப் பாய், ஆங்கிலத்தில் 'வெயில்' (veil) எனப்படும் மெல்லிய போர்வைத் துணி ஆகியவற்றோடு சேர்ந்து, படிப்படியாகச் சட்டத்தின் வடிவத்துக்கு ஒடுங்கி, சூடான அச்சுக்குள் நுழைகின்றன. மறுபக்கம் இரண்டு கவ்விகள் மாறி மாறிப் பிடித்து இழுக்கின்றன. கடைசியில் ரம்பம். இவ்வளவுதான்.

அச்சு பொதுவாக முக்கால் மீட்டர் முதல் ஒரு மீட்டர் நீளம். பட்டறையில் யாரும் அச்சு என்று சொல்வதில்லை, டை என்றுதான் சொல்வார்கள். 900 மில்லிமீட்டர் அச்சு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 சென்டிமீட்டர் வேகத்தில் இழுத்தால் ஒவ்வொரு புள்ளியும் அச்சுக்குள் இருப்பது ஒன்றரை நிமிடம். அந்த 90 விநாடிக்குள் ரெசின் சூடாகி, இளகி, உறைந்து, வெந்து, சுருங்கி முடிக்க வேண்டும்.

உள்ளே போய்ப் பார்ப்போம். நுழைவாயிலை ஒட்டிய முதல் பகுதியில் ரெசின் இன்னும் திரவம்தான். சூடு ஏற ஏற முதலில் அது இன்னும் நீர்த்து ஓடும். இழைகளுக்கு இடையில் புகுந்து, மிச்சமிருக்கும் காற்றை வெளியேற்றும். சூட்டில் விரிவடைவதால் அழுத்தமும் ஏறும். இங்கே அச்சுச் சுவரில் உண்டாகும் உராய்வு எண்ணெயில் கை இழுப்பது போன்றது. இரண்டாவது பகுதி ஜெல். ரெசின் பிசினாகிச் சுவரில் ஒட்டப் பார்க்கும் நேரம் இது. இழுப்பதற்கு வேண்டிய விசையில் கணிசமான பங்கை இந்தச் சிறு தூரமே தின்கிறது. அச்சு அதிகம் தேய்வதும் இங்கேதான். மூன்றாவது பகுதியில் ரெசின் கட்டியாகிச் சுருங்குகிறது. பாலியெஸ்டர் ரெசின் தனியாக வெந்தால் கன அளவில் 7 அல்லது 8 சதவீதம் சுருங்கும். எபாக்சி என்ற இன்னொரு வகை ரெசின் அதைவிடக் குறைவு. கண்ணாடி கலந்திருப்பதால் சட்டம் அவ்வளவு சுருங்காது என்றாலும், சுவரை விட்டு விலகும் அளவுக்குச் சுருங்கிவிடும். விலகிய பிறகு சட்டம் இலகுவாக வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.

இந்தச் சுருக்கத்தைப் பலரும் ஒரு தொல்லையாகவே பார்க்கிறார்கள். எனக்கு அது இந்த முறையின் உயிர்நாடியாகப் படுகிறது. ரெசின் சுருங்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு இரும்பை இறுகப் பிடித்திருக்கும் கல்லை யார் இழுப்பது? பாலியெஸ்டரை ஓட்டிப் பழகியவர்கள் எபாக்சிக்கு மாறும்போது முதலில் திணறுவதும் இதனால்தான். எபாக்சி குறைவாகச் சுருங்கும், இரும்போடு நன்றாக ஒட்டவும் செய்யும். அதே அச்சில் இழுவிசை எகிறும்.

ரெசின் வேகும்போது அதுவே வெப்பத்தை வெளியிடும். பாலியெஸ்டருக்கு அச்சின் சூட்டை ஏறத்தாழ 100 முதல் 160 டிகிரி செல்சியஸுக்குள் இரண்டு மூன்று மண்டலங்களாகப் பிரித்து வைப்பார்கள். ஜெல் ஆன கையோடு சட்டத்தின் நடுப்பகுதி அச்சைவிடவும் சூடாகிவிடும். அதற்குப் பிறகு வெப்பம் ஓடும் திசை மாறுகிறது: இதுவரை சட்டத்துக்குச் சூடு கொடுத்த அச்சு இப்போது சட்டத்திடமிருந்து சூட்டை வாங்குகிறது. கடைசி மண்டலத்தின் சூட்டைக் குறைத்து வைக்கும் வழக்கம் இதிலிருந்து வந்தது. தடித்த கம்பிகளில் வெளிப்பக்கம் முதலில் வெந்து ஓடாகி, உள்பக்கம் பின்னால் வெந்து சுருங்கும். உள்ளே சுருங்குவதற்கு வெளி ஓடு இடம் கொடுக்காது. நடுவில் பிளவு விழும். அப்படிப்பட்ட சட்டத்தை வேகம் குறைத்து, சூட்டை மெதுவாக ஏற்றித்தான் ஓட்ட முடியும். உற்பத்தியைக் கூட்ட வேண்டும் என்று வேகத்தை ஏற்றினால், ஜெல் ஆகும் இடம் வெளிவாயிலை நோக்கி நகரும். முழுதும் வேகாத சட்டம் வெளியே வந்து, அச்சின் அணைப்பு இல்லாத இடத்தில் பொங்கும், கொப்புளிக்கும். வேகத்தைக் குறைத்தால் ஜெல் நுழைவாயிலை நோக்கி வந்து வேறு வம்பு. அச்சுக்கு ஏற்ற வேகம் ஒரு குறுகிய வரம்புக்குள்தான் இருக்கிறது.

நுழைவாயிலில் மட்டும் சூடு கூடவே கூடாது. அங்கே தண்ணீர் ஓடும் குளிர்தகடு வைப்பார்கள், அல்லது அச்சின் முதல் சில அங்குலத்தைச் சூடாக்காமல் விட்டுவிடுவார்கள். வாயிலிலேயே ரெசின் கெட்டியானால் பின்னால் வரும் நூல் அதில் சிக்கி அறுபடும். வாயை நேராக வெட்டிவிடுவதும் தவறு. புனல்போல் விரித்து, கண்ணாடிபோல் மெருகேற்ற வேண்டும். நூல்கள் தேவைக்கு அதிகமான ரெசினைச் சுமந்துகொண்டு வருகின்றன. அந்த மிகை இங்கேதான் பிழியப்பட்டுத் தொட்டிக்குத் திரும்புகிறது. சட்டத்துக்குள் உருவாகும் அழுத்தத்தின் தொடக்கமும் இந்தப் புனல்தான்.

எத்தனை நூல் போடுவது? அச்சின் குறுக்குவெட்டை வைத்து யார் வேண்டுமானாலும் கணக்குப் போடலாம். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பி: குறுக்குவெட்டுப் பரப்பு 78.5 சதுர மில்லிமீட்டர். கன அளவில் 55 சதவீதம் கண்ணாடி வேண்டும் என்றால் கண்ணாடிக்கு மட்டும் சுமார் 43 சதுர மில்லிமீட்டர். கண்ணாடியின் அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்கு 2.55 கிராம் என்று வைத்தால் ஒரு கிலோமீட்டர் கம்பிக்கு 110 கிலோ கண்ணாடி. 4800 டெக்ஸ் ரோவிங் என்றால் ஒரு கிலோமீட்டர் நூல் 4.8 கிலோ. வகுத்தால் 23 நூல். ஒவ்வொரு நூலும் ஆயிரக்கணக்கான மெல்லிழைகளின் கட்டு என்பதால், பென்சிலைவிடக் கொஞ்சம் பருமனான இந்தத் துளைக்குள் ஏறக்குறைய ஒரு லட்சம் இழைகள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. ஒரு நூல் கூடினால் கண்ணாடி 2.4 சதவீதப் புள்ளி கூடும். இழுவிசை ஏறும், துளை தேயும். ஒரு நூல் குறைந்தால் உள்ளே அழுத்தம் போதாமல் மேற்பரப்பில் குழி விழும். இருபத்து மூன்றில் ஒரு நூல் அறுந்து அலமாரியில் தொங்கிக்கொண்டிருப்பதை யாரும் கவனிக்காத இரவு ஷிப்ட்டின் கதை மறுநாள் சட்டத்தின் மேல் எழுதியிருக்கும்.

சரி, இந்த அச்சை எதில் செய்கிறார்கள்? பெரும்பாலும் பி-20 போன்ற அச்சு எஃகு, அல்லது நம் பட்டறைகளில் இ.என்.-19, இ.என்.-24 என்று கேட்டு வாங்கும் உலோகக்கலவை எஃகு. சிறிய, துல்லியமான அச்சுகளுக்கு டி-2 வகையும் உண்டு. அதன் உள்முகத்தில் கடினக் குரோமியம் பூசுகிறார்கள். பூச்சின் தடிமன் வழக்கமாக 25 முதல் 50 மைக்ரான். தலைமுடியின் பருமனுக்கும் குறைவு. நாளெல்லாம் கண்ணாடி உரசிக்கொண்டு போகும் இடத்தில் எஃகு சும்மா நின்றால் சீக்கிரமே கோடு விழுந்துவிடும். குரோமியம் அதைவிடக் கடினம், வழவழப்பும் அதிகம், ரெசின் அதில் எளிதில் ஒட்டாது. ஆனால் அடியில் உள்ள எஃகு மென்மையாக இருந்தால் எவ்வளவு நல்ல குரோமியமும் சேற்றின்மேல் பாவிய ஓடுதான். அழுத்தம் விழும் இடத்தில் அடித்தளம் அமுங்கும், மேலே உள்ள ஓடு வெடிக்கும். அச்சு வாங்கும்போது குரோமியத்தின் தடிமனைக் கேட்பவர்கள் அடி எஃகின் கடினத்தையும் கேட்க வேண்டும்.

குரோமியம் பூசுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அச்சை எத்தனை துண்டாக, எங்கே பிளப்பது என்ற முடிவையே அது தீர்மானிக்கிறது. மின்பூச்சில் மின்னோட்டம் வெளிநோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புகளில் குவியும்; உள்மூலைகளுக்குள் போகவே தயங்கும். ஆகவே விளிம்பில் பூச்சு தடித்துப் புடைக்கும், உள்மூலையில் பெயருக்கு ஒரு படலம் மட்டும் இருக்கும். ஆனால் சட்டத்தின் வெளிமூலை ஒவ்வொன்றும் அச்சின் உள்மூலைதானே! தேய்மானத்தைத் தாங்க வேண்டிய இடத்தில் பூச்சு மிக மெலிந்திருக்கும். இதற்கு நல்ல அச்சுத் தச்சர் செய்வது, முடிந்தவரை மூலைகளில் அச்சைப் பிரிப்பது. அப்போது ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய திறந்த பலகையாகிவிடும். பூச்சும் சீராகப் படியும், மெருகேற்றும் கல்லும் எல்லா இடத்துக்கும் போகும். ஐ வடிவ உத்திரத்துக்கான அச்சை மேல், கீழ், இரு பக்கம் என நான்கு துண்டாகச் செய்வதற்குக் காரணம் இதுதான்.

மூலையில் பிளப்பதிலும் கண்டம் உண்டு. சட்டத்தின் மூலை கூராக இருந்தால் இழை அங்கே போய்ச் சேராது; வெறும் ரெசின் மட்டும் நிற்கும், லேசாகத் தட்டினால் உதிரும். அதனால் மூலையைச் சற்று உருட்டுகிறோம். உருட்டிய வளைவின் நடுவில் பிளந்தால் அச்சுத் துண்டின் விளிம்பு கத்திமுனைபோல் மெலிந்துவிடும். கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் அது நசுங்கும். வளைவு முடிந்து நேர்ப்பகுதி தொடங்கும் புள்ளியில் பிளப்பது பாதுகாப்பானது. ஏணிக் காலில் வரப்பு சரியாக மூலையில் இல்லாமல் மூலையை ஒட்டிக் கொஞ்சம் தள்ளி இருப்பதற்குக் காரணம் இந்த ஒரு முடிவு.

நீளவாக்கில் எத்தனை பிளவு வேண்டுமானாலும் வைக்கலாம். குறுக்குவாக்கில் வைக்கக் கூடாது. இரண்டு குட்டை அச்சுகளை முன்பின்னாகச் சேர்த்து ஒரு மீட்டராக்கினால் மலிவாக முடியும் என்ற யோசனை அவ்வப்போது யாருக்காவது வரும். அந்த மூட்டில் ரெசின் புகுந்து இறுகி, கீறும் பல்லாக மாறி, பின்னால் வரும் சட்டம் முழுவதையும் உழும். மெருகேற்றும் திசையும் அப்படியே. கடைசி மெருகு இழுக்கும் திசையிலேயே இருக்க வேண்டும். குறுக்குக் கீறல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ரெசினுக்குத் தெரியும்.

குரோமியப் பூச்சுக்கு இன்னொரு முகம் உண்டு. பூச்சுத் தொட்டியில் இருக்கும் ஆறிணைத்திறக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் 21-க்குப் பிறகு தனி அனுமதி பெறாமல் இந்தத் தொட்டிக்கு வேண்டிய குரோமியம் ட்ரையாக்சைடைப் பயன்படுத்த முடியாது. மாற்றாக நைட்ரைடு ஏற்றுதல், வெற்றிடத்தில் படியவைக்கும் மெல்லிய பூச்சு, அதிவேகச் சுடரில் தெளிக்கும் கார்பைடு பூச்சு எல்லாம் முயன்று பார்க்கிறார்கள். தெளிப்புப் பூச்சு கண்ணுக்கு நேரே தெரியும் முகத்தில்தான் படியும். குறுகிய பள்ளங்களுக்குள் சிரமம். குரோமியத்தின் வசதி என்னவென்றால், தேய்ந்த பூச்சை உரித்துவிட்டு அதே எஃகில் மறுபடி பூசலாம். அந்த வசதியை விட்டுக்கொடுக்கத் தொழிலுக்கு மனம் வரவில்லை. ஆனால் பூச்சுப் பட்டறையில் தொட்டியின்மேல் குனிந்து நிற்பவரின் நுரையீரலும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். உறிஞ்சுகுழாயும் முகக்கவசமும் இல்லாத இடத்தில் மலிவாகப் பூசித் தருகிறார்கள் என்று அச்சை அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன்.

பெட்டிக்குழாய், வட்டக்குழாய் போன்ற உள்ளீடற்ற சட்டங்களுக்கு வெளி அச்சு மட்டும் போதாது. நடுவில் மாண்ட்ரல் என்ற தண்டு வேண்டும். அதை எங்கே பிடித்து நிறுத்துவது? முன்னால் முடியாது, சட்டம் வெளியே வர வேண்டும். பக்கவாட்டில் முடியாது, சுற்றிலும் இழை ஓடுகிறது. ஆக, அச்சுக்கும் பின்னால், நூல்கள் வந்து சேரும் இடத்துக்கும் அப்பால் ஒரு சட்டகத்தில் பிடித்து, தூண்டில் கழிபோல் நீட்டி, அச்சின் வெளிவாயில் அருகே வரை கொண்டுவருகிறார்கள். ஒரு முனையில் மட்டும் பிடித்த தண்டு என்பதால் ஒருபக்கம் நூல் அதிகமானால் மறுபக்கம் ஒதுங்கும். குழாயின் ஒரு சுவர் தடித்து எதிர்ச்சுவர் மெலிந்திருந்தால் தண்டு ஒதுங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அதைத் தண்டை இழுத்துப்பிடித்துச் சரிசெய்ய முடியாது. நூல்களின் சமநிலையைச் சரிசெய்ய வேண்டும்.

முன்பு நம் பக்கம் நின்ற சுருக்கம் மாண்ட்ரலில் எதிரியாகிவிடும். சட்டம் வெளி அச்சை விட்டு உள்நோக்கிச் சுருங்குகிறது; அப்படியானால் நடுவில் உள்ள தண்டை இறுக்கிப் பிடிக்கிறது. அதனால் தண்டின் கடைசிப் பகுதியை வெளிவாயிலை நோக்கி மிக மெல்லியதாகச் சரித்துச் செதுக்குகிறார்கள். கண்ணால் பார்த்தால் தெரியாத சரிவு அது. அதை மறந்துவிட்டு நேர்த்தண்டு போட்டால், இழுவிசை ஏறி ஏறிக் கடைசியில் சட்டம் தண்டோடு நின்றுவிடும்.

அளவு விஷயத்துக்கு வருவோம். 50 மில்லிமீட்டர் சட்டம் வேண்டும் என்றால் அச்சைச் சரியாக 50-க்குச் செய்யக் கூடாது. சட்டம் சுருங்குவதால் துளை சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக என்பது ரெசின், நிரப்புப் பொடியின் அளவு, பாய்க்கும் நூலுக்கும் உள்ள விகிதம் எல்லாவற்றையும் பொறுத்தது. அதே தொழிற்சாலையில், அதே கலவையில் ஓடிய பழைய அச்சின் துளையையும் அதிலிருந்து வந்த சட்டத்தையும் அளந்து ஒப்பிடுவதைவிட நம்பகமான வழி இல்லை. கோண வடிவச் சட்டத்தில் இன்னொரு சிக்கல். கால்களின் நீளவாக்கில், அகலவாக்கில் இழைகள் சுருக்கத்தைத் தடுக்கின்றன. தடிமன் திசையில் தடுக்க எதுவும் இல்லை. அதனால் மூலை வளைவு உள்நோக்கி மூடிக்கொள்ளும். 90 டிகிரிக்குச் செய்த அச்சிலிருந்து 90-க்குக் குறைவான கோணம் வரும். அனுபவமுள்ளவர்கள் அச்சையே கொஞ்சம் விரித்துச் செய்துவிடுவார்கள். பெரிய கட்டுமானத்துக்குப் போகும் சட்டங்களில் இந்தக் கோணம், நேர்த்தன்மை, முறுக்கம் எல்லாவற்றுக்கும் ஐரோப்பாவின் இ.என். 13706 தரநிலை வரம்பு வைத்திருக்கிறது. சட்டத்தின் விறைப்பை வைத்து இ-17, இ-23 என்று இரண்டு தரமாகப் பிரிப்பதும் அதுவே.

அச்சுக்கு வரும் மிகப் பெரிய ஆபத்து தேய்மானம் கிடையாது, நின்றுபோவது. இழுப்பான் நின்றால் உள்ளே இருக்கும் ரெசின் காத்திருக்காது. சில நிமிடத்தில் ஜெல் நுழைவாயில் வரை பின்வாங்கி, புனலுக்குள் தேங்கிய ரெசினையும் சேர்த்து இறுகிவிடும். புனல் வடிவக் கட்டி குறுகிய துளைக்குள் எப்படி நுழையும்? மின்தடை வரும் ஊர்களில் இழுப்பானுக்கும் குளிர்நீர் பம்புக்கும் உடனே கைகொடுக்கும் ஜெனரேட்டர் இல்லாமல் இந்தத் தொழிலைத் தொடங்கவே கூடாது. பூட்டிக்கொண்ட அச்சை விசையைக் கூட்டி இழுத்து மீட்கப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் சூட்டோடு திறக்க வேண்டும். அவசரத்தில் இரும்பு உளியை வைத்து நெம்பிவிடுவது பலமுறை நடக்கிறது. ஒரு கணத்தில் விழும் அந்த வடு அதன்பின் வரும் ஒவ்வொரு மீட்டரிலும் கோடாகத் தெரியும். பித்தளை, செம்பு, மரம் தவிர வேறெதுவும் குரோமியத்தைத் தொடக் கூடாது. அப்புறம் எல்லா நூலையும் முதலிலிருந்து கோத்து ஓட்டத் தொடங்கச் சாதாரணமாகப் பல மணி நேரம் ஆகும்.

குரோமியம் எங்கே போய்விட்டது என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. மயில்துத்தக் கரைசலில் ஒரு துளியைச் சுத்தமான அச்சு முகத்தில் விட்டால், குரோமியம் இருக்கும் இடத்தில் ஒன்றும் ஆகாது. எஃகு வெளியே தெரியும் இடத்தில் செம்பு படிந்து சிவக்கும். ஜெல் பகுதியில் முதலில் சிவப்பதைப் பார்க்கலாம். அச்சு இன்னும் ஓடுகிறதே என்று இந்த நிலையில் விட்டுவைத்தால் அடி எஃகில் பள்ளம் விழுந்துவிடும். பிறகு அதைத் தேய்த்துச் சமன்செய்தால் துளை பெரிதாகி அளவே மாறிப்போகும். சிவந்ததும் கழற்றி மறுபூச்சுக்கு அனுப்புவதுதான் சிக்கனம்.

சில சட்டங்களுக்கு அச்சு வேறு உருவம் எடுக்கிறது. பாலியூரிதேன் ரெசின் திறந்த தொட்டியில் வைக்க முடியாத அளவுக்குச் சீக்கிரம் கெட்டியாகும். அதற்கு அச்சின் நுழைவாயிலில் மூடிய அறை ஒன்றைப் பூட்டி, காய்ந்த நூல் உள்ளே வந்ததும் ரெசினை அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். பாலியெஸ்டரிலிருந்து எழும் ஸ்டைரீன் நெடியைக் குறைக்கவும் இந்த மூடிய அறை உதவும். கான்கிரீட்டுக்குள் வைக்கும் கண்ணாடி இழைக் கம்பிகள் இன்னொரு வகை. இழுத்துச் செல்லும் அச்சில் குறுக்கு வரிப்புகள் வராது; எங்கே வெட்டினாலும் ஒரே குறுக்குவெட்டு வரும் பொருளுக்குத்தான் அச்சு. ஆகவே அவற்றில் பலவற்றை அச்சே இல்லாமல், மேலே நூலைச் சுற்றி, சூட்டறை வழியாக இழுத்து வேகவைக்கிறார்கள்.

வளைந்த சட்டம் முடியவே முடியாது என்றுதான் வெகுகாலம் நினைத்தோம். ஜெர்மனியின் தாமஸ் நிறுவனம் அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டது: சட்டத்தை இழுப்பதற்குப் பதில் வளைந்த அச்சையே சட்டத்தின் மேல் படிப்படியாக நகர்த்தினால் என்ன? வெந்த பகுதி அசையாமல் நிற்க, அச்சு பின்னோக்கி ஊர்ந்து ஈரநூலை விழுங்கும். 2020-ஆம் ஆண்டு ஷெவ்ரோலே கார்வெட் காரின் பின்பம்பர் உத்திரம் இப்படி வளைத்துச் செய்த கரி இழைச் சட்டம்.

இத்தனை வேலையும் ஒரே ஒரு குறுக்குவெட்டுக்காக என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 50-க்கு 50 கோணத்துக்குச் செய்த அச்சில் 60-க்கு 60 ஓடாது. அதனால்தான் நூறு மீட்டர் மட்டும் வேறு அளவில் வேண்டும் என்று கேட்டால் தொழிற்சாலைகள் கையை விரிக்கின்றன, பட்டியலில் உள்ள அளவை எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன. பெரிய பெரிய பொறியாளர்களும் இதற்குக் கட்டுப்பட்டவர்கள்தான். 1999-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 15 மீட்டர் உயரத்துக்குக் கண்ணாடி இழைச் சட்டங்களால் ஐந்து தளக் கட்டிடம் ஒன்றை எழுப்பினார்கள்; ஐகேட்சர் என்று பெயர். அதன் தூண்களுக்குப் புதிய அச்சு செய்யவில்லை. பட்டியலில் ஏற்கெனவே இருந்த சட்டங்களைப் பசைபோட்டு ஒட்டிப் பெரிய குறுக்குவெட்டுகளை உண்டாக்கிக்கொண்டார்கள்.

தனி அளவு வேண்டியே தீரும் என்றால் அச்சுச் செலவை வாங்குபவர் ஏற்கிறார். பணம் அவருடையது, இரும்பு இருப்பது தொழிற்சாலையில். வேறு இடத்துக்கு மாற நினைக்கும்போதுதான் தகராறு வருகிறது. தொடக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: அச்சு யாருடையது, எத்தனை மீட்டருக்கு ஒருமுறை மறுபூச்சு, அதன் செலவு யாருக்கு. அச்சை எடுத்துவரும் நாளில் இரும்பை மட்டும் தூக்கி லாரியில் ஏற்றாதீர்கள். மாண்ட்ரலும், நூலை ஒடுக்கும் வழிப்பலகைகளும், எந்தத் துளையில் எந்த நூல் என்ற வரைபடமும், ஒவ்வொரு மண்டலத்தின் சூடும், ஓடிய வேகமும் எழுதிய தாளும் கூடவே வர வேண்டும். துளைக்குள் எண்ணெய் தடவி, போல்ட்டுகளைப் போட்டு மூடி, கடைசியாக ஓடிய சட்டத்தில் ஒரு முழம் வெட்டி அச்சோடு கட்டி அனுப்பச் சொல்லுங்கள். புது இடத்தில் முதல் மீட்டர் வெளியே வரும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்தத் துண்டு வேண்டும்.